சாம்பலின் சர்க்கரைக் கணக்கு

பூனைக்கும் நீரிழிவு வருமா என்று கேட்காத நண்பர் இல்லை. வரும். மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவைப் பெரிதும் ஒத்ததாகவே வரும். உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. கணையத்தின் பீட்டா செல்கள் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகின்றன. நடுவயதைக் கடந்த, கருத்தடை செய்யப்பட்ட, எடை கூடிய ஆண் பூனைகளிடம் இது அதிகம். தில்லி முனிர்க்காவில் என் வாடகை அறையில் வாழும் சாம்பலுக்கு இந்த நான்கு தகுதிகளும் உண்டு. விடுதியில் பாலில் ஊறிய ரொட்டியை உண்டு வளர்ந்தவன் அவன். அவனைப் பேணிய ஆய்வாளர்கள் ஒவ்வொருவராகப் பட்டம் பெற்று ஊர் திரும்பியபின் என்னிடம் வந்து சேர்ந்தான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு அவன் நகரவில்லை. 6 கிலோ இருந்த எடை 5-க்குக் கீழே இறங்கியது. பின்னங்கால்களைக் குதிகால்வரை தரையில் பதித்து நடக்கலானான். சர்க்கரை நரம்புகளைத் தாக்கியதன் அடையாளம் அது. கால்நடை மருத்துவர் இரத்தச் சர்க்கரையோடு ஃப்ரக்டோசமைன் அளவையும் பார்த்தார். மருத்துவமனை அச்சத்தாலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடக்கூடும் என்பதால், கடந்த ஓரிரு வாரங்களின் சராசரியைச் சொல்லும் அந்தச் சோதனை தேவைப்படுகிறது.

அன்று தொடங்கியது காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்குமான கிளார்ஜின் ஊசி. முதல் சில மாதங்கள் குழப்பத்திலேயே கழிந்தன. என் குறிப்பேட்டிலிருந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துத் தருகிறேன். இரண்டிலும் அதே 2 யூனிட், அதே உணவு. முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு 342. பிற்பகல் 1 மணிக்கு 96. மாலை 7 மணிக்கு 355. அடுத்த ஞாயிறு அதே நேரங்களில் 310, 265, 338. முதல் நாளில் மருந்து மிகச் சிறப்பாக வேலை செய்திருக்கிறது. இரண்டாம் நாளில் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு இயல்பாகவே எழும் கேள்வி, எது மாறியது என்பது. பல காரணங்கள் உண்டு. தோலடியில் செலுத்தும் இன்சுலின் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் உறிஞ்சப்படுவதில்லை. ஊசி போடும் இடம், உண்ட அளவு, தெருவில் வெடித்த பட்டாசு, ஈற்றில் ஒரு புண், எல்லாமே கணக்கில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயுற்ற கணையம் சில நாள்களில் தானும் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்துவிடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் வர வர அந்தச் சுரப்பு மீளக்கூடும். சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலையும் வருவதுண்டு. நேற்று போதாமல் இருந்த அளவு நாளை மிகையாகிவிடுவதற்கும் இதுவே காரணம்.

கருவியும் தன் பங்கைச் செய்கிறது. வீட்டுக் குளுக்கோமீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரநிலை 2013-இல் திருத்தப்பட்டது. அதன்படி, 100-க்கு மேற்பட்ட அளவீடுகளில் 95 விழுக்காடு, ஆய்வக மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். அதாவது உண்மையான 300-ஐ 255 என்றோ 345 என்றோ காட்டும் கருவியும் தரமான கருவிதான். மேலும் மனிதருக்கென்று செய்த மீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். தில்லிக் குளிரில் காது நுனியைக் குத்தினால் துளி இரத்தமும் வராது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதைச் சூடேற்றிய பிறகே வரும். இத்தனை படிகளைத் தாண்டி வரும் ஓர் எண்ணைத் தீர்ப்பாகக் கொள்வது எங்ஙனம்?

ஆயினும் எல்லா எண்களையும் ஒரே வகையான ஐயத்தோடு அணுகவும் இயலாது. ஒருநாள் 390 என்று காட்டினால், பூனை நன்றாக உண்டு நடமாடும் வரையில், காத்திருக்கலாம். உயர்ந்த சர்க்கரை வாரக்கணக்கில் கெடுக்கும். (உண்ணாமல், வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தால் அது வேறு, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.) 60-க்குக் கீழ் இறங்கினாலோ காத்திருக்க நேரமில்லை, தாழ்ந்த சர்க்கரை சில மணி நேரத்தில் கொன்றுவிடும். உயர்ந்த எண்ணை ஐயுறலாம். தாழ்ந்த எண்ணை உடனே நம்பிச் செயற்பட வேண்டும். கருவி பிழையாகவே காட்டியிருந்தாலும், ஒரு கரண்டி உணவு மிகையாகக் கொடுத்ததால் பூனைக்குக் கேடில்லை.

ஜனவரியில் இது எனக்கு நேரே விளங்கியது. ஒரு வாரம் முழுக்கக் காலை அளவீடுகள் 370-க்கு மேல். அரை யூனிட் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "முழு வளைகோடு இல்லாமல் கூட்டாதீர்கள்" என்றார். கூட்டவில்லை. இரண்டு நாள் கழித்து இரவு 11 மணிக்குச் சாம்பல் தள்ளாடினான். மீட்டர் 47 என்றது. ஈறுகளில் தேன் தடவினேன். விழுங்கத் தொடங்கியதும் உணவு கொடுத்தேன். கால் மணிக்கொரு முறை அளந்தேன். 52, 63, 88. விடியும்வரை கைப்பேசியில் மருத்துவர் உடனிருந்தார். அந்த அரை யூனிட்டைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

மறுநாள் ஊரிலிருந்து அப்பா அழைத்தார். அவருக்கு நீரிழிவு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. "ஏம்மா, பூனைக்கு இன்னிக்கு எவ்வளவு?" என்று நாள்தோறும் கேட்பார், தம் எண்ணை மட்டும் சொல்லமாட்டார். 47 என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ஒரு ராத்திரி அப்படி ஆச்சும்மா. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கிப்போச்சு. ஒங்கம்மாகிட்டகூடச் சொல்லல" என்றார். அந்த அச்சத்தில் படுக்கும் முன் தினமும் ஒரு துண்டு வெல்லம் தின்றுவந்திருக்கிறார். காலையில் சர்க்கரை ஏறியிருக்கும்; அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார்; மாத்திரை கூடியதும் அச்சம் கூடும்; வெல்லமும் கூடும். மருத்துவரின் கோப்பில் எண்கள் மட்டுமே இருந்தன, வெல்லம் இல்லை. அடுத்த வாரமே அம்மாவுடன் சென்று எல்லாவற்றையும் சொன்னார். இரவு மாத்திரை மாற்றப்பட்டது.

பூனை வளர்க்கும் மாணவ நண்பர்களுக்காகச் சில சொற்கள். இவை மருத்துவருக்கு மாற்றல்ல. எண்ணோடு நேரம், உணவு, நடத்தை மூன்றையும் எழுதிவையுங்கள். ஊசி போட்டதிலிருந்து 2 மணிக்கொரு முறை, 12 மணி நேரம் அளந்து வளைகோடு வரையுங்கள். அதன் மிகத் தாழ்ந்த புள்ளியே அளவைத் தீர்மானிக்க உதவும். ஒரு அளவு நிலைபெற ஐந்தாறு நாளாவது விடுங்கள். மருந்துக்கடையில் சிரிஞ்சை இருமுறை பாருங்கள். நம் நாட்டில் 40 யூனிட், 100 யூனிட் என இருவகை உண்டு. முன்னதன் மூடி சிவப்பு, பின்னதன் மூடி ஆரஞ்சு. கிளார்ஜினுக்கு ஒரு கடையில் சிவப்பு மூடியை எடுத்து நீட்டினார்கள். அதில் 2 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட்!

இப்போது சாம்பல் ஜன்னல் திண்டுக்குத் தாவுகிறான், பின்னங்கால்கள் நிமிர்ந்துவிட்டன. சென்ற ஞாயிற்றின் வளைகோட்டில் உச்சம் 281, தாழ்வு 104. இன்று காலை 319. அளவை மாற்றவில்லை.