மணியின் பின்னங்கால்கள்

இரும்பையில் நமது வீட்டுத் திண்ணையருகே 13 வருஷங்களாகக் குடியிருந்து வரும் மணிக்குக் குலப் பெருமை ஒன்றும் கிடையாது. ராஜபாளையத்து நாய்க்கு 2005-ஆம் வருஷம் சர்க்கார் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தார்கள். மணியின் வம்சத்தை, நாய் பிடிக்கும் சிப்பந்திகளைத் தவிர வேறு எந்த இலாகாவும் பொருட்படுத்தியதில்லை. அதனால் மணி மனம் வருந்தியதாகத் தெரியவில்லை. மாகாளேசுவரர் கோயில் வீதியில் ஊரார் யார், அந்நியர் யார் என்று நிர்ணயிக்கும் உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் பார்த்து வந்தது. பக்கத்தில் ஆரோவில் 1968-இல் ஏற்பட்டதன் பலனாக எத்தனையோ தேசத்தார் இந்தப் பக்கம் வந்து போகிறார்கள். அத்தனை பேரையும் பாரபட்சமில்லாமல் குரைத்து வரவேற்ற நாய் அது.

வியாதியை முதலில் காட்டிக் கொடுத்தது நம் ஊர்ச் செம்மண்தான். சென்ற வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் வாசலில் முன்னங்கால்களின் தடம் மட்டும் தெளிவாக இருந்தது. பின்னங்கால்கள் பட வேண்டிய இடத்தில் இரண்டு நீண்ட கோடுகள். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. பின்பாதங்களின் நடு நகங்கள் தேய்ந்திருப்பதை நமது மூத்த பெண் கண்டுபிடித்தாள்.

புதுச்சேரியில் ஒரு கால்நடை வைத்தியரிடம் ஆட்டோவில் கொண்டு போனோம். அவர் மணியை நிற்க வைத்து, ஒரு பின்பாதத்தை மடக்கி, அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தார். சுகமாயுள்ள நாய் அடுத்த கணமே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். மணி அப்படியே நின்றது. பிறகு முதுகெலும்பு நெடுக அழுத்திப் பார்த்தார், வலி இல்லை.

"காலில் கோளாறு இல்லை, சார். முதுகுத் தண்டில் நரம்பு மெல்லத் தேய்ந்து வருகிறது என்று நினைக்கிறேன்" என்றார். உயிர் போன பிறகு தண்டை எடுத்துச் சோதித்தால்தான் அது நிச்சயமாகுமாம். அந்த நிச்சயத்துக்கு நாம் அவசரப்படவில்லை.

வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னால் விஷயம் இதுதான்: தலைமை ஆபீஸாகிய மூளை உத்தரவு போடுகிறது. நிறைவேற்ற வேண்டிய காலும் இருக்கிறது. நடுவிலுள்ள தந்திக் கம்பியின் உறை சிதைந்து, கம்பியும் இற்றுப் போகிறது. நமது தேசத்தில் தந்திச் சேவையை 2013-இல் மூடிவிட்டார்கள். ஆனாலும் இதைவிட நல்ல உவமை அகப்படவில்லை. சில ஜாதி நாய்களிடம் இந்த வியாதிக்கு இடமளிக்கும் மரபணுப் பிழையை 2009-இல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவில் நேரும் பிழைகள் மனிதர் சிலருக்கு நரம்புத் தேய்வை உண்டாக்குகின்றன என்பது 1993-இலேயே தெரிந்திருந்தது. மணியும் நாமும் அவ்வளவு தூரத்து உறவினர் இல்லை போலும்!

பின்னங்கால் விழுந்த நாய்க்கெல்லாம் இதே வியாதி என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. திடீரென்று வலியோடு கால் விழுந்தால் முதுகெலும்பின் வட்டு பிதுங்கியிருக்கலாம். அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கிழ நாய் ஒரு நாள் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்மணிகள் ஓட, ஒரு பக்கமாக விழுந்தால் பார்ப்பவர்கள் பக்கவாதம் என்று கைவிட்டு விடுகிறார்கள். பெரும்பாலும் அது காதின் உட்புறத்துச் சமநிலைக் கோளாறு. இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே வெகுவாகத் தேறிவிடும். இன்னொன்று: நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையை இரக்கப்பட்டு நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென் போன்றவை அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

மணியின் நிலைமை ஊரில் பரவியதும் யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. எதிர் வீட்டுப் பெரியவர் உண்மையான கவலையோடுதான் சொன்னார்: "வாத்தியாரே, பார்க்க நமக்கே கஷ்டமா இருக்கு. ஒரு ஊசி போட்டு அனுப்பிச்சிடலாமே?"

அந்த 'நமக்கே' என்ற சொல்லை நாம் வெகு நேரம் யோசித்தோம். கஷ்டம் பார்க்கிறவருடையதாயிருக்க, ஊசி மட்டும் மணிக்கா? அது வேளை தவறாமல் தின்கிறது. பள்ளிக்கூடம் விட்டு நாம் வரும் சத்தம் கேட்டுக் காதைத் தூக்குகிறது.

பட்டணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் வேறு விதமாகப் பேசினார். நாயைச் சீராட்டுவது வெள்ளைக்காரன் கற்றுக் கொடுத்த வழக்கமாம்! திருவண்ணாமலை ஜில்லாவில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு கவர வந்தவர்களை எதிர்த்து மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவத்தையும் பெயரையும் அதில் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் எந்த வெள்ளைக்காரன் வந்து கற்றுக் கொடுத்தான் என்று கேட்டோம். உறவினர் காப்பியைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்க் கோயிலிலேயே, கடுவெளிச் சித்தரின் சாபத்தால் பிளந்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்துத்தான் பூஜை நடக்கிறது. பின்னப்பட்ட மூர்த்தி பூஜைக்கு ஆகாது என்பார்கள். இரும்பையார் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

நமது வீட்டில் மணியைக் கட்டித் தூக்குவது ஒரு பழைய கதர்த் துண்டு. அடிவயிற்றின் கீழ், பின்னங்கால்களுக்கு முன்னால் அதைக் கொடுத்து இரண்டு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டால், மணி முன்னங்கால்களால் நடக்கும்; பின்பாரம் நம் கையில். ஆண் நாயானால் துண்டு சிறிது பின்தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிடில் சிறுநீர் கழிக்க முடியாது. வழவழப்பான தரைதான் இந்த வியாதிக்குப் பரம சத்துரு. ஆசையாகப் போட்ட மொசைக் தரை முழுவதையும் சாக்கு விரித்து மூடிவிட்டோம். வீட்டு எஜமானிக்கு இதில் வருத்தம்தான். ஆனால் சாக்குகளை ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தவளும் அவளே. பாதம் புண்ணாகாமலிருக்கக் குழந்தைகளின் பழைய காலுறை. படுக்கைப் புண் வராமலிருக்க மூன்று நான்கு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈரத்தை உடனே துடைக்க வேண்டும். ஈயும் புழுவும் நரம்பு வியாதியைவிடச் சீக்கிரம் கொல்லும். சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்பதைத் தினமும் கவனிக்க வேண்டும்.

இவற்றோடு காலை மாலை கால்களை மெதுவாக நீட்டி மடக்கிப் பிடித்து விடுகிறோம். இதனால் பிரயோஜனம் உண்டா என்று நாமும் சந்தேகப்பட்டதுண்டு. 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்த வியாதி என்று கருதப்பட்ட 22 நாய்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். தீவிரமாகப் பயிற்சி கொடுக்கப்பட்டவை சராசரி 255 நாள் உயிர் வாழ்ந்தன. ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவை 55 நாள். சிறிய கணக்குத்தான். ஆனாலும் 200 நாள் என்பது நாயின் ஆயுளில் அற்பமில்லை.

குழாய் வேலை செய்யும் நமது சிநேகிதர் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சக்கர வண்டி செய்து கொடுத்தார். முதல் நாள் மணி அதைக் கண்டு நடுங்கிற்று. இரண்டாம் வாரம் அதோடு ஓர் ஆட்டைத் துரத்தியது.

முன்னங்கால்களும் தளரும் நாள் வரத்தான் போகிறது. பிறகு மூச்சுக்கும் கஷ்டம் வரலாம். அப்போது வைத்தியரின் ஊசியை வேண்டாமென்று சொல்ல மாட்டோம். தீனியில் விருப்பம், மனிதரைக் கண்டு முகமலர்ச்சி, வலியில்லாத தூக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு வாரமும் குறித்து வரச் சொல்லியிருக்கிறார். நமது பெண் அதற்கென்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். இது வரையில் சிவப்பு மையில் ஒன்றும் எழுதவில்லை. துண்டு பிடிக்க வீட்டில் முறை போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நமது முறை. அன்று துண்டைத் துவைப்பதும் நாமே என்பது எஜமானியின் சட்டம்.