முகப்பருவும் மூன்று நாள் கிறீமும்



மௌலவிக்கும் முகப்பருவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இருபது வருடங்களுக்குக் கிட்டப் பாடசாலையில் இஸ்லாமும் அரபும் படிப்பித்து வருபவன் என்ற முறையில், பதின்மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரையான முகங்களைத்தான் நான் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல குரல்வளம் உள்ள ஒரு பிள்ளை. கிறாஅத் போட்டிக்குப் பெயர் கொடு என்றால் தலையைக் குனிந்துகொள்கிறான். தனியே கூப்பிட்டுக் கேட்டால், "மேடையில எல்லாரும் மொகத்தத்தானே சேர் பாப்பாங்க" என்கிறான். பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெற்றோரிடம் சொன்னால், "வயசுக் கோளாறு மௌலவி, கலியாணம் முடிச்சாச் சரியாகிப் போகும்" என்ற பதில்தான் வருகிறது.

பலருக்குச் சரியாகிப் போவது உண்மைதான். ஆனால் பரு போன பின்னும் குழிகள் போவதில்லை. அதை யார் நினைத்துப் பார்க்கிறோம்? அத்தோடு, பெரியவர்கள் அலட்சியமாக இருக்கும் இடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே மருந்து தேடிக்கொள்கிறார்கள். நான் பேனா எடுத்ததற்குக் காரணம் அதுதான். நான் வைத்தியன் அல்லன். வாசித்ததையும், தோல் வைத்திய நிபுணர்களிடம் கேட்டறிந்ததையும், பிள்ளைகளின் முகங்களில் கண்டதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரு அழுக்கால் வருவதல்ல. பருவ வயதில் ஹோர்மோன்கள் கூடும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன. மயிர்க்குழியின் வாய் இறந்த தோற் கலங்களால் அடைபடுகிறது. உள்ளே தேங்கிய எண்ணெயில், தோலில் வழமையாகவே வாழும் ஒரு பக்டீரியா பெருகி அழற்சியை உண்டாக்குகிறது. அடைப்புத் தொடங்கிப் பருவாக வெளியே தெரிய ஏறக்குறைய எட்டு வாரங்கள் செல்லும். இந்த எட்டு வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐவேளை வுழூவின் தண்ணீரால் பருவுக்குக் கெடுதி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறார்களே, அது தோலைக் காய வைத்துப் புண்ணாக்குகிறது. காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரம் போதும். இன்னொன்று, எங்கள் பிள்ளைகளுக்கே உரியது: தலை நிறையத் தேங்காய் எண்ணெய், அதற்கு மேல் இறுக்கமான தொப்பி. நெற்றியில் வரிசையாகப் பரு வராமல் என்ன செய்யும்? ஸ்கார்ஃபின் உள்ளே அணியும் இறுக்கமான துணிக்கும் இது பொருந்தும். எண்ணெயைக் குறைத்து, துணியை நாளுக்கு நாள் கழுவினால் சிலருக்கு அதுவே பாதி வைத்தியம்.

இனி மருந்துகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் வேகமாக வேலை செய்வது எது தெரியுமா? பெயரில்லாத சின்ன டப்பியில் வரும் வெள்ளைக் கிறீம். கைத்தொலைபேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வருகிறது. மூன்று நாளில் சிவப்பு அடங்குகிறது, பரு தட்டையாகிறது, முகமும் வெளுக்கிறது. பூசியவர் பத்துப் பேருக்குச் சொல்கிறார். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஸ்டெரொய்ட். பீட்டாமெதசோன், க்ளோபெட்டசோல் என்ற இனம். வேறு தோல் நோய்களுக்கு வைத்தியர் அளந்து கொடுக்கும் நல்ல மருந்துகள் அவை. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பு நூல் போல வெளியே தெரிகின்றன. பெண் பிள்ளைகளின் கன்னத்தில் உரோமம் முளைக்கிறது. பருவுக்கென்று பூசிய கிறீமே புதிய பருவை உண்டாக்குகிறது. நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து முன்னையைவிட மோசமாகிறது. அந்தப் பயத்திலேயே மறுபடியும் பூசுகிறார்கள். இதைவிட ஒரு பிடி வேறு எதற்கு உண்டு?

வெண்மையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கிறது. 2013 இல் கைச்சாத்தான மினமாட்டா சமவாயம் அழகுசாதனப் பொருட்களில் பாதரசத்துக்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று எல்லை வைத்தது. அதைப் பல ஆயிரம் மடங்கு தாண்டிய கிறீம்கள் உலகெங்கும் பிடிபட்டிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசியவரோடு நிற்காது, தலையணை, துவாய் வழியாக மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போகும். மூலப்பொருட்களின் பெயர் அச்சிடப்படாத எதையும் பிள்ளையின் முகத்தில் பூச விடாதீர்கள்.

நேர்மையான மருந்துகளெல்லாம் மெதுவானவை. 2024 இல் அமெரிக்கத் தோல் நோயியல் அகடமி வெளியிட்ட வழிகாட்டலில் முன்னணியில் நிற்பவை இரண்டு: பென்சொயில் பெரொக்சைட்டு, அடுத்தது அடபலீன் போன்ற ரெட்டினொயிட் களிம்புகள்.

பென்சொயில் பெரொக்சைட்டு பக்டீரியாவைக் கொல்கிறது. எத்தனை காலம் பாவித்தாலும் பக்டீரியா அதற்குப் பழகிப்போவதில்லை. 2.5 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் என்று வருகிறது. கூடியதைக் கேட்டு வாங்குவது நம்மவர் வழக்கம். ஆனால் அழற்சிப் பருவைக் குறைப்பதில் 2.5 சதவீதமும் 10 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றே. எரிச்சல்தான் 10 சதவீதத்தில் அதிகம். இதன் வேறொரு குணத்தைப் பாமசியில் சொல்ல மாட்டார்கள்: நிறத் துணியை வெளுக்க வைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புது முஸல்லாவில் ஸுஜூது செய்யும் இடம் மட்டும் வட்டமாக வெளுத்துப்போய், உம்மா சலவைத் தூளைத் திட்டிக்கொண்டிருந்தார். இரவில் பூசி, காலையில் கழுவி, வெள்ளைத் தலையணை உறை போட்டால் பிரச்சினை இல்லை. இந்த மருந்தை வெயில் படும் ஜன்னலிலும், மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைக்கக் கூடாது. சூட்டில் சிதைந்து பென்சீன் என்ற நச்சுப் பொருள் உண்டாகலாம். 2025 இல் அமெரிக்க அரசு 95 உற்பத்திகளைச் சோதித்தது. பெரும்பாலானவை நல்லவையே, சிலவற்றை மட்டும் சந்தையிலிருந்து மீட்டார்கள். மருந்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை, குளிர்ந்த இடத்தில் வையுங்கள், காலாவதித் திகதியைப் பாருங்கள்.

அடபலீன் அடைப்பையே தடுக்கிறது. முழு முகத்துக்கும் பட்டாணிக் கடலை அளவு, இரவில் மட்டும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போலப் பூசுவது வீண் வேலை. வரப்போகும் பருவுக்குத்தான் இந்த மருந்து. முதல் சில வாரங்கள் தோல் காய்ந்து உரியும், சிலருக்குப் பரு கூடுவது போலவும் தெரியும். இங்கேதான் பிள்ளைகள் கைவிடுகிறார்கள். எட்டு வாரக் கணக்கு நினைவிருக்கிறதா? எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போகாமல் இந்த மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசினால் எரிச்சல் குறையும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. அவர்களுக்கு அஸெலயிக் அமிலக் களிம்பு உண்டு. அது சற்று மெதுவானது, ஆனால் நம் நிறத்தவருக்குப் பரு விட்டுச்செல்லும் கறுப்புத் தழும்பையும் மங்கச் செய்யும்.

வீட்டு வைத்தியத்தை நான் ஒரேயடியாகத் தள்ளுபவன் அல்லன். தேயிலை மர எண்ணெய் என்ற மூலிகை எண்ணெயை 5 சதவீதத்தில், 5 சதவீத பென்சொயில் பெரொக்சைட்டோடு ஒப்பிட்டு 1990 இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரிடம் பரிசோதித்தார்கள். இரண்டுமே பலன் தந்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, பக்க விளைவு குறைவாக இருந்தது. ஆனால் அது அளந்து கலந்த களிம்பு, போத்தலிலிருந்து அப்படியே பூசுவதல்ல. மௌலவி என்பதால் கருஞ்சீரக எண்ணெயைப் பற்றி என்னிடம் கேட்காதவர் குறைவு. அதைக் கலக்காமல் பூசிச் சிலருக்குத் தோல் கொப்பளித்த செய்திகள் வைத்திய ஏடுகளில் உண்டு. தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் முகம் வெந்தது போலாகும். பற்பசை பல்லுக்கு.

களிம்புக்கு அடங்காத பருவுக்கு டொக்டர்கள் டொக்சிசைக்ளின் குளிசை தருகிறார்கள். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டுவதில்லை, கூடவே பென்சொயில் பெரொக்சைட்டும் பூச வேண்டும். இல்லாவிட்டால் பக்டீரியா மருந்துக்குப் பழகிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். நோன்பு மாதத்தில் ஒரு விசேட கவனம் தேவை. ஸஹரில் அவசரமாக அரை மிடறு தண்ணீரோடு இதை விழுங்கிவிட்டு, தொழுதுவிட்டுப் படுத்தால் குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பிறகு உமிழ்நீர் விழுங்கவும் நெஞ்சு நோகும். நாளுக்கு ஒரு குளிசையென்றால், நோன்பு திறந்து சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு குடித்துவிட்டு அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து இருக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச் சத்துக் குளிசையையும் வயிற்றெரிவு மருந்தையும் அதே நேரம் எடுத்தால் மருந்து உடம்பில் சேராது.

கடைசியாக, எல்லாவற்றிலும் பலமான ஐசோட்ரெட்டினொயின். 1982 முதல் பாவனையில் உள்ளது. குழி விழுத்தும் கடுமையான பருவுக்கு இதற்கு நிகர் இல்லை. நான்கு முதல் ஆறு மாதம் எடுத்தவர்களில் பலருக்குப் பரு திரும்பி வருவதே இல்லை. உதடு வெடிப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். கொழுப்பையும் ஈரலையும் பார்க்க இரத்தப் பரிசோதனை வேண்டும். டொக்சிசைக்ளினோடு சேர்த்து எடுக்கவே கூடாது, மூளையில் அழுத்தம் ஏறும். விற்றமின் ஏ குளிசையும் மீன் ஈரல் எண்ணெயும் நிறுத்த வேண்டும். மனம் சோர்ந்து போனால் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. இந்த மருந்து எடுக்கும் பெண் கர்ப்பமானால் சிசுவின் மூளை, இருதயம், காது, முகம் கடுமையாக ஊனமடையலாம். மருந்து நிறுத்தி ஒரு மாதம் கழியும் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. (ஆண் எடுத்தால் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை.) எங்கள் சமூகத்தில் பெண் பிள்ளைக்குப் பரு மருந்து எப்போது தேடுகிறோம்? சம்பந்தம் பேசத் தொடங்கியதும்தானே! அப்படித்தான் ஒரு வீட்டார் நிகாஹுக்குத் திகதி குறிக்க என்னிடம் வந்தார்கள். பேச்சுவாக்கில், மகள் பருவுக்குக் 'கப்சியூல்' குடிப்பதாகவும், இன்னும் இரண்டு மாதம் இருப்பதாகவும் உம்மா சொன்னார். எந்தக் கப்சியூல் என்று கேட்டேன். இதுதான். கன்னிப் பெண்ணிடம் கர்ப்பம் பற்றி டொக்டர் சொன்னதை, வெட்கத்தில் யாரும் காதில் வாங்கியிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவும் மனமில்லை. "புள்ளைக்கு ஏதோ வருத்தமெண்டு நெனப்பாங்க மௌலவி" என்றார் வாப்பா.

வருத்தத்தை மறைத்துக் குழந்தையைப் பணயம் வைப்பதா? திகதியைத் தள்ளுங்கள், இல்லையேல் மாப்பிள்ளையிடமே சொல்லி இருவரும் டொக்டரைக் காணட்டும் என்றேன். மூன்றரை மாதம் தள்ளினார்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணம் போய்விட்டதென்று இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு. போகட்டும். மணப்பெண்ணின் முகத்துக்கு வாக்ஸ் போடுவதையும் நிறுத்தச் சொன்னேன். இந்த மருந்து எடுக்கும்போதும், முடித்துப் பல மாதங்கள் வரையிலும் தோல் உரிந்து வந்துவிடும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மகளுக்குப் பருவோடு மாதவிலக்கும் ஒழுங்கில்லாமல், நாடியில் உரோமமும் வளர்ந்தால் கிறீம் தேடாதீர்கள், டொக்டரிடம் கூட்டிப் போங்கள். சூலகப் பிரச்சினையாக இருக்கலாம். வளர்ந்த பெண்களின் பருவுக்கு ஸ்பைரோனோலக்டோன் என்ற குளிசை உதவுவதை 2023 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்தது. பன்னிரண்டு வாரத்தைவிட இருபத்து நான்கு வாரத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதுவும் கர்ப்பத்தில் ஆகாது.

கப்சியூலின் ஜெலட்டீன் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது மாட்டிலிருந்தும் எடுக்கப்படலாம், பன்றியிலிருந்தும் எடுக்கப்படலாம், கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். மருந்து தொடங்குமுன் பெட்டியோடு வரும் தாளைப் பாருங்கள், பாமசிக்காரரிடம் கேளுங்கள். வேறு கம்பனியின் மருந்து கிடைக்குமா என்று டொக்டரிடம் கேட்பதில் தவறில்லை. உங்கள் ஊர் ஆலிமிடமும் விளக்கம் பெறுங்கள். ஏற்கெனவே குடிப்பவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் இடையில் நிறுத்திவிட வேண்டாம். அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குகளில் பணம் கேட்பதில்லை. போகும்போது, பிள்ளை இதுவரை பூசிய டப்பிகள் எல்லாவற்றையும், பெயரில்லாததையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.