மேலே போன தட்டு

இப்போதெல்லாம் காய்கறிக் கடையில் இரண்டு தட்டுத் தராசைக் காண்பதே அபூர்வமாகிவிட்டது. கத்தரிக்காயை வைத்ததும் சிவப்பு எழுத்தில் எண் ஓடி வந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் நேயர்களே, இங்கிலீஷ் பாஷைக்குள் அந்தப் பழைய தராசு இன்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது!

'பாலன்ஸ்' என்ற வார்த்தையையே பாருங்களேன். அதன் பூர்விகம் லத்தீன். 'பை' என்றால் இரண்டு. 'லாங்க்ஸ்' என்றால் தட்டு. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கக் கணக்கில் எவ்வளவு சேர்க்க வேண்டுமோ, அந்தத் தொகைக்கும் பிறகு அதே பெயர் வந்தது. பாங்கியில் மீதமிருக்கும் பணம் 'பாலன்ஸ்' ஆன கதை இதுதான்.

சரி, தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால்? அங்கேதான் வேடிக்கை. சாய்வைச் சொல்வதற்கு இங்கிலீஷில் இரண்டு கட்சி வார்த்தைகள் இருக்கின்றன.

முதல் கட்சி, சாய்வைக் குறை என்று சொல்லும். 'இம்பாலன்ஸ்' அந்தக் கட்சியைச் சேர்ந்தது. 'ஹார்மோன் இம்பாலன்ஸ்' என்று டாக்டர் சொன்னால், சரி செய்யவேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். 'லாப்சைடட்' என்பது முதலில் கப்பலைப் பற்றி எழுந்த வார்த்தை. ஒரு பக்கம் பாரம் மிகுந்து சரிந்து நிற்கும் கப்பல். இன்று ஒருதலைப்பட்சமாக முடிகிற கிரிக்கெட் ஆட்டத்தையும் அப்படிச் சொல்கிறார்கள். 'அன்பாலன்ஸ்ட்' என்பதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை! சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் சத்துக் குறைவு. மனிதரைப் பற்றிச் சொன்னால் புத்தி நிதானத்தில் இல்லை என்றாகிவிடும்.

இரண்டாவது கட்சிக்குத் தலைவர் 'அவுட்வெய்'. 'அவுட்' முன்னால் வந்தால் மிஞ்சுவது என்று பொருள். 'அவுட்நம்பர்' எண்ணிக்கையில் மிஞ்சுவது. 'அவுட்வெய்' கனத்தில் மிஞ்சுவது. இரண்டும் ஒன்றல்ல. ஒரு கூடை அப்பளத்தை ஒரே ஒரு அம்மிக் குழவி தூக்கி அடித்துவிடுமல்லவா?

இதே கட்சியில் 'பிரிபாண்டரன்ஸ்' என்று ஒரு கனவானும் உண்டு. அமெரிக்கக் கோர்ட்டுகளில் பெரும்பாலான சிவில் வழக்குகளில், சாட்சியம் எந்தப் பக்கம் இம்மியளவு கனத்தாலும் அந்தப் பக்கமே ஜயம். அதற்குத்தான் இந்தப் பெயர். கொலை வழக்குக்கு இது போதாது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும்.

இந்தக் கட்சியின் குணம் என்ன தெரியுமா? தோற்ற தட்டிலும் கனம் இருந்தது என்பதை அது மறைப்பதில்லை. இது வெறும் இலக்கண விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் மாமியாருக்கு 79 வயதில் முழங்கால் மூட்டை மாற்றும் ஆபரேஷன் பற்றிப் பேச்சு வந்தது. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'பெனிஃபிட்ஸ் அவுட்வெய் த ரிஸ்க்ஸ்' என்றார்.

"என்னடி சொல்றார்? பயமில்லேங்கறாரா?" என்று மாமியார் என்னைக் கேட்டார். 'ஆமாம்' என்று சொல்லிவிட என் கணவர் வாயெடுத்தார்.

"அப்படிச் சொல்லலை, அம்மா. பயம் ஒரு தட்டிலே இருக்கு. வலியில்லாம நடக்கற லாபம் இன்னொரு தட்டிலே இருக்கு. லாபத் தட்டு தாழ்ந்திருக்குன்னு சொல்றார்" என்றேன் நான்.

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "அந்தப் பயத் தட்டிலே என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்கோ" என்றாரே பார்க்கவேண்டும்! டாக்டரும் பொறுமையாகச் சொன்னார்: மயக்க மருந்து, ரத்தம் உறைந்து கட்டிக்கொள்வது, கிருமி தொற்றுவது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டாக்டருக்குத் தெரியாத ஒன்றையும் அம்மா தட்டில் வைத்தார். பேத்திக்கு அது எட்டாம் மாதம். "குழந்தையைக் கையிலே வாங்கிண்டப்புறம் பண்ணிக்கறேன்" என்றார். அவசரமில்லை என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். சொன்னபடியே, கொள்ளுப் பேரனுக்கு ஆறு மாதமானதும் தாமாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

சகோதரிகளே, ஒரே சாய்வுக்கு இரண்டு கட்சியும் பெயர் வைக்கலாம். குழந்தைக்காக உத்தியோகத்தை விட்டவளையும், உத்தியோகத்துக்காக இரவு வெகுநேரம் கண் விழிப்பவளையும் ஊரார் 'இம்பாலன்ஸ்' என்பார்கள். அவளோ நிறுத்துப் பார்த்து, 'இது அதை அவுட்வெய் செய்கிறது' என்று தீர்மானித்திருப்பாள். எடைக்கல் அவளுடையது, நமக்கு அது தெரியாது.

ஆகையால், இனி யாராவது உங்களிடம் 'அவுட்வெய்' என்று சொன்னால் உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள். தாழ்ந்த தட்டை அவர்களே காட்டுவார்கள். மேலே போன தட்டில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.