மடங்கும் சைக்கிளும் மடங்காச் சைக்கிளும்

மின்சார சைக்கிள் வாங்க விரும்புவோர் ஓட்டிப் பார்த்து முடிவு செய்கின்றனர். தூக்கிப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நாம் வசிப்பது லண்டன் மாநகரில், கடை ஒன்றின் மேலுள்ள முதல் மாடியில். குறுகலான பதினெட்டுப் படிகள், லிப்ட் கிடையாது. அங்கிருந்து நிலத்தடி ரயில் நிலையம் இரண்டு மைல். ரயிலை விட்டு இறங்கினால் பணியிடத்துக்கு மேலும் ஒரு மைல். முழங்கால் வலி முற்றி, நடையை விடுவதா வேலையை விடுவதா என்னும் நிலை வந்தபோதுதான் இந்த ஆராய்ச்சி தொடங்கிற்று.

பிரிட்டிஷ் சட்டத்தின் முன் இருவகை வண்டிகளும் ஒன்றே. மோட்டார் 250 வாட்டுக்கு மிகலாகாது, மணிக்கு 15.5 மைலைத் தாண்டினால் அது உதவுவதை நிறுத்திவிட வேண்டும். ஆகவே வேகத்தில் பேதமில்லை. ஆனால் ஓட்டும் சுகத்தில் பேதம் உண்டு. சாதாரண வண்டியின் பெரிய சக்கரங்கள் பள்ளங்களைப் பொருட்படுத்துவதில்லை. பின்னால் அரிசி மூட்டையையும் வைக்கலாம். மடக்கு வண்டியின் 16 அங்குலச் சக்கரமோ சாலையின் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்கு அறிவிக்கிறது. சாலை மட்டுமே கணக்கானால் பெரிய வண்டியே சிறந்தது. இதை மறுப்பது வியாபாரிகளின் வேலை.

எனினும் பெரிய வண்டியின் எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. அதை மாடிக்கு ஏற்ற இயலாது. படிக்கட்டின் அடியில் நிறுத்தலாமே என்றோம். துணைவியார் ஒரே கேள்வி கேட்டார்: "இரவில் அந்த பேட்டரி தீப்பிடித்தால் நாம் எந்த வழியாக வெளியேறுவது?" வெளியேறும் வழியில் இத்தகைய வண்டிகளை வைக்கவேண்டாம் என்று லண்டன் தீயணைப்புப் படையும் எச்சரித்து வருகிறது. நமக்கு இருப்பதோ அந்த ஒரே வழி.

இதற்கிடையே, 2025 பிப்ரவரியில் ரேனர்ஸ் லேன் நிலையத்தில் மின்சார சைக்கிள் ஒன்று எரிந்தது. அதே ஆண்டு மார்ச் 31 முதல், மடங்காத மின்சார சைக்கிள்களை நிலத்தடி ரயில்களில் ஏற்றக்கூடாதென நிர்வாகம் தடை விதித்தது. மடித்து எடுத்துச் செல்லும் வண்டிகளுக்கு விலக்கு அளித்தது. சாதாரண சைக்கிளில் பின்னர் மோட்டார் பூட்டி மாற்றியமைப்பதே பெரும் அபாயம் என்பதும், மடக்கு வண்டிகளை அவ்வாறு மாற்றுவது அரிது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

கடைக்குச் சென்றோம். 1975இல் ஆண்ட்ரூ ரிச்சி என்னும் பொறியாளர் இதே நகரில் வடிக்கத் தொடங்கிய பிராம்டன் வண்டியின் மின்சார வகையைக் காட்டினர். மொத்தம் சுமார் 17 கிலோ. அதில் ஏறத்தாழ மூன்று கிலோ, பைபோல் கழன்று வரும் பேட்டரி. விலையைக் கேட்டபோது சற்று மௌனமானோம் என்பது உண்மை. "முதலில் தூக்குங்கள்" என்றார் துணைவியார். தூக்கினோம், கடையின் உட்படிகளில் ஏறியும் பார்த்தோம். முழங்கால் முனகிற்று, மறுக்கவில்லை.

இப்போது மாலையில் வண்டியை நாம் சுமக்கிறோம். பேட்டரிப் பையை அவர் எடுத்துக்கொள்கிறார். விழித்திருக்கும் வேளையில் மட்டுமே மின்னேற்றம். அரிசி மூட்டையைக் கடைக்காரரே அனுப்பிவிடுகிறார்.