நெல் கணக்கும் பாமினி எழுத்துருவும்

எங்க ஊர்ல பாரம்பரிய நெல் போடுறவங்க சேர்ந்து ஒரு கணக்கு வச்சிருக்கோம். எந்த நெல் எத்தனை நாள், எந்த மண்ணுல நிக்கும், யாருகிட்ட விதை இருக்கு, எல்லாம் பெரியவங்க வாயால சொன்னது. சொன்னவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்லை. 2006-ல ஊர்த் தம்பி ஒருத்தர் அதையெல்லாம் வேர்டுல அடிச்சுக் கொடுத்தார், பாமினி எழுத்துருவில்.

போன மாசம் புதுக் கணினியில அந்தக் கோப்பைத் திறந்தா முழுக்க ஆங்கில எழுத்தா நிக்குது. நடுவுல 180-ங்கிற எண் மட்டும் தெளிவா இருக்கு. 180 நாள்னா காட்டுயானம்னு எனக்குத் தெரியும். என் பையனுக்கு?

காரணம் இதுதான். பாமினியில 'தமிழ்'னு அடிச்சா, கணினி உள்ளே வச்சுக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அதைத் தமிழா வரைஞ்சு காட்டுறது எழுத்துரு. எழுத்துரு இல்லைன்னா தமிழும் இல்லை.

எழுத்துருவைப் போடுறதுலயும் ஒரு முறை இருக்குங்க. ஜிப் கோப்பா வந்தா முதல்ல பிரிச்சு வெளியே எடுக்கணும். அப்புறம் வலது பக்கம் சொடுக்கி 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுக்கணும். விண்டோஸ் 10-ல 2018 கடைசியில வந்த பதிப்புலேர்ந்து, வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தா உங்க ஒருத்தர் கணக்குக்கு மட்டும்தான் அது சேரும். சில பழைய மென்பொருள் கண்ணுல அது படாது. வேர்டு திறந்திருந்தா மூடிட்டு மறுபடி திறங்க. எழுத்துருக் கோப்பையும் கணக்கு இருக்கிற ஃபோல்டர்லயே ஒரு நகல் போட்டு வைங்க.

ஆனா அதோட நிக்கக் கூடாது. படிக்க முடியுறப்பவே யூனிகோடுக்கு மாத்திடணும். அதுல தமிழுக்குன்னே தனி எண்கள் இருக்கு. எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாவே இருக்கும். 2010-ல தமிழ்நாடு அரசும் அதைத் தரமா அறிவிச்சாச்சு. மாத்துறதுக்கு இலவச மென்பொருள் இருக்கு. இடையில ஆங்கிலச் சொல் இருந்தா அதையும் சேர்த்துக் குழப்பிடும், அதனால பழைய கோப்பை அழிக்காம வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்க. நாங்க இப்ப ராத்திரில அதைத்தான் செய்யுறோம்.

விதை நெல்லைக் கோட்டை கட்டி வச்சா மட்டும் போதாது, வருஷா வருஷம் வயல்ல இறக்கணும். இல்லைன்னா முளைப்பு போயிடும். உங்க வீட்டுப் பழைய சிடியிலயும் அப்பா எழுதினது ஏதாவது இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை திறந்து பாருங்களேன்.