மறுபடியும் 'உள்ளேன் ஐயா!'

ஆபீஸ் டிரெய்னிங் என்று சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். சனிக்கிழமை மத்தியானத்தோடு கிளாஸ் முடிந்துவிடும். ஊருக்கு ரயில் ராத்திரிதான். நடுவில் மாட்டிக்கொள்ளும் அந்த ஏழெட்டு மணி நேரத்தை என்ன செய்வது? சிலர் மனைவி எழுதிக் கொடுத்த லிஸ்ட்டோடு தி.நகரில் மல்லுக்கட்டுவார்கள். சிலர் ரூம் ஏ.சி.யை வீணாக்கக் கூடாது என்று போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நான் 2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சைதாப்பேட்டைக்குப் போனேன்.

"சைதாப்பேட்டையில என்ன சார் இருக்கு?" என்றார் டிரெய்னிங்கில் பக்கத்து சீட்காரர். நியாயமான கேள்வி.

"நான் வாத்தியார் ஆகாமப் போன இடம் சார்" என்றேன்.

கிண்டியில் மெட்ரோ ஏறினால் சின்னமலை வரைக்கும் ஆகாயத்தில் போகிற ரயில், அதைத் தாண்டியதும் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. அடையாறு நம் தலைக்கு மேலே ஓடுகிறது. நாங்கள் படித்த காலத்தில் மறைமலை அடிகள் பாலத்தில் பல்லவன் பஸ் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு, மூக்கைப் பொத்த ஒரு கை மிச்சமில்லாமல் அடையாற்றைக் கடப்போம். இப்போது ஏ.சி.யில், வாசனையே இல்லாமல். என்ன இருந்தாலும் வளர்ச்சி வளர்ச்சிதான்.

வெளியே வந்தால் அண்ணா சாலை அடையாளமே தெரியவில்லை. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் புது மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தகரத் தடுப்பு, தூசி, ஹாரன். இந்த அமர்க்களத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் பழைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. உள்ளே நாலடி வைத்தால் சத்தம் பாதியாகிவிடுகிறது.

இந்த இடத்தின் வயதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1856-ல் அரசாங்க நார்மல் ஸ்கூல் என்று ஆரம்பித்தது. சிப்பாய்க் கலகத்துக்கு ஒரு வருஷம் மூத்தது. எங்களுக்கு முன்னால் இங்கே படித்துவிட்டுப் போனவர்களில் ஒருவர் எஸ். ராதாகிருஷ்ணன். ஆமாம், அந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்தான். பிரசிடென்சி காலேஜில் வேலைக்குச் சேர்ந்தவரை, வாத்தியார் என்றால் எல்.டி. படித்தே ஆகவேண்டும் என்று 1910-ல் சைதாப்பேட்டைக்கு அனுப்பினார்கள். மனோதத்துவத்தில் அவர் எழுதிய விடைகளைப் பார்த்த பேராசிரியர் அசந்துபோய், அவரை அந்த வகுப்புக்கு வரவேண்டாம் என்று விட்டுவிட்டார். அதற்குப் பதில் கூடப் படித்தவர்களுக்கு அவரே மனோதத்துவப் பாடம் நடத்தினார். அந்தச் சொற்பொழிவுகள் 1912-ல் புத்தகமாகவும் வந்தன. க்ளாஸை 'கட்' அடித்துப் புத்தகம் போட்ட ஒரே ஆசாமி அவராகத்தான் இருக்கும். நாங்கள் கட் அடித்தபோது மவுண்ட் ரோட்டில் மேட்னி ஷோதான் பார்த்தோம்.

1994-95. காரணீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி ரூம். நாலு பேர், ஒரு ஃபேன், ஒரு ஸ்டவ். யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். மண்ணச்சநல்லூர், நாட்றம்பள்ளி, வேதாரண்யம், அப்புறம் நான்: சின்னாளபட்டி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாலு பேரும் குனிந்து பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்போம். ரெக்கார்ட் நோட்டில் படம் வரைவதில் நாட்றம்பள்ளி கெட்டி. பாவ்லோவின் நாய்க்கு அவன் எச்சில் போட்ட அழகைப் பார்த்துவிட்டு லெக்சரரே சிரித்தார்.

மைக்ரோ டீச்சிங் என்று ஒரு கூத்து உண்டு. அஞ்சாறு நிமிஷப் பாடம். கூடப் படிக்கிற தடிப்பயல்களே எட்டாங்கிளாஸ் பிள்ளைகளாக நடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்போம். இருபத்திமூன்று வயசு மீசைக்காரன் எழுந்து "சார், ஒண்ணுக்கு!" என்பான். இந்த ரகளையில் வேதாரண்யம் மட்டும் ஒரு காரியம் செய்தான். கனசதுரம் பாடம். எல்லோரும் அட்டையில் பெட்டி ஒட்டிக் கொண்டுவருவார்கள். அவன் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு உப்புக்கல்லைக் கையில் வைத்தான். அவனுடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். "நல்லாப் பாருங்க. ஆறு முகம், பன்னெண்டு விளிம்பு. யாரும் செதுக்கல, தானா வந்தது" என்றான். அன்றைக்கு ஒருத்தனும் ஒண்ணுக்குக் கேட்கவில்லை.

கோர்ஸ் முடிகிற வாரம் ஆட்டோகிராஃப் சீசன். இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. கலர் கலராகத் தாள் வைத்த குட்டி நோட்டு. பெயர், முகவரி, பிடித்த நடிகை, லட்சியம் என்று கேள்விகள். என்னுடையது பீரோவில் இன்னும் இருக்கிறது. கிளம்பும் முன் பையில் போட்டுக்கொண்டேன்.

லட்சியம் என்ற இடத்தில் மண்ணச்சநல்லூர் எழுதியது: ஐ.ஏ.எஸ். நாட்றம்பள்ளி: சினிமா டைரக்டர் ('கிளாஸ் ரூம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்' என்று கூடுதல் தகவல்). நான் எல்லோர் நோட்டிலும் அழகான கையெழுத்தில், 'நல்லாசிரியர் விருது பெறுவது' என்று எழுதினேன். வேதாரண்யம் ஒரே வார்த்தை எழுதினான். 'சம்பளம்.'

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும்தான்.

முப்பது வருஷம் கழித்து நிலவரம் வருமாறு. ஐ.ஏ.எஸ். இரண்டு முறை பிரிலிமினரி எழுதிவிட்டு, அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறது. சினிமா டைரக்டர் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். காருக்கு ஃபேன்சி நம்பர். நல்லாசிரியர் பதினாலே மாதத்தில் பேங்க் கிளார்க் பரீட்சை பாஸ் பண்ணி ஓடிவிட்டார். அடியேன்தான்.

வேதாரண்யம்? பன்னிரண்டு வருஷம் தனியார் பள்ளிகளில் குறைந்த கூலிக்கு உழைத்தான். முதல் சம்பளம் 750 ரூபாய். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறிப் போய் எம்ப்ளாய்மென்ட் கார்டைப் புதுப்பித்துவிட்டு வருவான். ஒரு தடவை மறந்தாலும் பதிவு மூப்பு போச்சு. 2007-ல் அந்த மூப்பிலேயே அரசுப் பள்ளி கணக்கு வாத்தியார் வேலை வந்தது. 2018-ல் கஜா புயல் அடித்த மறுநாள் போன் பண்ணினேன். "பள்ளிக்கூடத்து ஓடு பறந்துடுச்சுடா. பசங்க ரெக்கார்டை மட்டும் காப்பாத்தி வெயில்ல காயவெச்சிருக்கேன்" என்றான். அவன் வீட்டு ஓடு என்ன ஆனதென்று நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஆசாமி அன்றைக்குச் சென்னையில்தான் இருந்தான். கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். கூட அவன் மகள்.

வாட்ச்மேன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாப்பா அட்மிஷனுக்கா சார்?" என்றார்.

"பாப்பா பி.எட். முடிச்சிடுச்சு. பரீட்சைக்குப் படிக்கிறது நான்" என்றான் வேதாரண்யம்.

விஷயம் இதுதான். ஆசிரியர் தகுதித் தேர்வு என்கிற 'டெட்' தமிழ்நாட்டில் 2012-ல் வந்தது. அந்த வருஷம் ஜூலையில் முதல் தேர்வை ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதற்கு முன்னால் வேலைக்கு வந்தவர்களுக்கு இது இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறவர்கள், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் டெட் தேறவேண்டும். இல்லையென்றால் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான். ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் அப்படியே தொடரலாம், பிரமோஷன் மட்டும் கிடையாது.

வேதாரண்யத்துக்கு வயது 53.

மண்ணச்சநல்லூரை ஸ்பீக்கரில் போட்டோம். "நான் தப்பிச்சேன்டா!" என்று அங்கேயிருந்து கத்தல். "ஒண்ணாம் வகுப்புல சேர்க்கும்போது வயசு பத்தலைன்னு எங்க வாத்தியார் ஒரு வருஷம் கூட்டி, ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டார். ஐ.ஏ.எஸ். எழுதறப்ப அந்த மனுஷனைத் திட்டாத நாள் கிடையாது. இப்ப அவர் போட்டோவைத் தேடிக்கிட்டிருக்கேன், மாலை போட!"

மரத்தடியில் உட்கார்ந்தோம். விண்ணப்பத் தேதி முடிய சில நாள்தான் இருந்ததாம். அடித்துப் பிடித்துப் போட்டிருக்கிறான். மகளும் அதே தேர்வு, அதே இரண்டாம் தாள். சைதாப்பேட்டையிலேயே ஒரு மாடியில் பயிற்சி வகுப்பு. மகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அப்பா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி ராத்திரி பஸ் ஏறி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்.

"சார்னு கூப்பிட வரவேயில்லடா. அந்தப் பையனுக்கு எம் பொண்ணு வயசு. ஆனா நல்லாத்தான் நடத்தறான்."

"கோபம் வரலையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பரீட்சை வைக்கிறது தப்புன்னு நான் எப்படிடா சொல்றது? வருஷத்துக்கு மூணு தடவை பசங்களுக்கு நான் வைக்கிறேனே. பதினெட்டு வருஷம் கழிச்சுக் கேக்கறாங்களேங்கறதுதான். ஃபெயிலாப் போனா வேலை போயிடும்ங்கறதைக்கூட விடு. எட்டாவது 'ஏ'ல ஒரு வாலு இருக்கான். 'சார், நீங்க பாஸா?'ன்னு கேப்பான். கட்டாயம் கேப்பான்."

கைடை தினத்தந்திக்குள் மடித்து வைத்துத்தான் ஸ்டாஃப் ரூமில் படிக்கிறானாம். அவன் மட்டுமல்ல. அந்த ரூமில் திடீரென்று எல்லோரும் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பக்கம் திருப்பாமல் படிக்கிறார்களாம்.

மரத்தடியில் கொசு. வெளியே டீக்கடைக்கு நகர்ந்தோம். மகள் போனைத் திறந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"அப்பா, பியாஜே அறிதிறன் வளர்ச்சி. எத்தனை நிலை?"

"நாலு. நான் படிச்சப்பவும் நாலுதான்."

"கோல்பர்க் ஒழுக்க வளர்ச்சி?"

"அதுவும் நாலு."

"மூணு நிலை, ஆறு படி. போன வாரமும் இதையே தப்பாச் சொன்னீங்க. எங்களுக்கு பி.எட். ரெண்டு வருஷம்ப்பா, நீங்கள்லாம் ஒரே வருஷத்துல முடிச்சவங்க, அதான்."

அவன் முகம் விழுந்துவிட்டது. 150-ல் குழந்தை மேம்பாடு முப்பது மார்க். அன்றைக்கு இருந்த கணக்குப்படி அவனுக்கு 82 வேண்டும். "கணக்குல வாங்கறதையெல்லாம் இது முழுங்கிடுதுடா" என்றான். மகள் சளைக்காமல் கோல்பர்க்கை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். நூற்றுப் பதினைந்து வருஷம் முன்பு ராதாகிருஷ்ணன் எடுத்த அதே மனோதத்துவ வகுப்பு. இப்போது சுவருக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில்.

பேச்சை மாற்றலாமென்று நான் குறுக்கே புகுந்தேன். "டேய், எனக்கு ஒரு சந்தேகம். முப்பது வருஷமா பேங்க்ல கூட்டிக் கழிச்சுக்கிட்டிருக்கேன். மைனஸை மைனஸால பெருக்கினா எப்படிடா பிளஸ் வரும்? எங்க சார் 'அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு'ன்னுட்டார்."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். முதுகு நிமிர்ந்தது.

"உன் அக்கவுன்ட்ல மாசா மாசம் இருநூறு ரூபா தவணை பிடிக்கிறாங்க. அது பிளஸ்ஸா, மைனஸா?"

"மைனஸ்."

"மூணு மாசம் பிடிச்சா?"

"மைனஸ் அறுநூறு."

"சரி. இப்ப பேங்க்காரன் பெரிய மனசு பண்ணி அந்த மூணு தவணையையும் தள்ளுபடி பண்ணிட்டான். சேர்த்தது இல்ல, எடுத்துட்டான். அப்ப தவணை மைனஸ் மூணு. ஒவ்வொண்ணும் மைனஸ் இருநூறு. உன் கையில என்ன ஆச்சு?"

"அறுநூறு... மிச்சம்."

"மிச்சம்னா?"

"பிளஸ்."

"யார் போட்டா அந்த பிளஸ்ஸை? விதியா போட்டுச்சு?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். மகள் போனை அணைத்துவிட்டாள். அவன் தண்ணீரில் விரலைத் தொட்டு மேஜையில் எழுத ஆரம்பித்தான். எழுதி முடித்துவிட்டு, டீக்கடை என்பதே மறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"புரியாதவங்க கை தூக்குங்க."

டீ மாஸ்டர் வடிகட்டியோடு கையைத் தூக்கினார். "அந்தத் தள்ளுபடி எந்த பேங்க்ல சார் குடுக்கறாங்க?"

"அதை அவன்கிட்ட கேளுங்க" என்று என்னைக் காட்டிவிட்டு, மேஜையைத் துடைத்தான். "கணக்கு மட்டும் நான் சொல்றேன். நல்லாப் பாருங்க. மாசம் இருநூறு ரூபா தவணை..."