பிக்சலைக் கோணமாக்கும் வேலை

நிலத்தடியில் சுரங்கம் குடையும்போது மேலே நிற்கும் பழைய கட்டடம் இறங்குகிறதா, ரயில் கடக்கும்போது பாலம் எவ்வளவு அசைகிறது என்று கண்காணிக்கும் சர்வேயர்களின் களத்தில் முதலில் கண்ணில் படுவது கேமராதான். கோணத்தையும் தொலைவையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியின் தொலைநோக்கிக்குள்ளேயே அது வந்துவிட்டது. ஒளியைத் திருப்பி அனுப்பும் ப்ரிஸத்தை ஒட்ட முடியாத சிற்பத்தையும் எட்ட முடியாத கேபிளையும்கூட இப்போது அளக்க முடிகிறது. ஆனால் என்னை ஈர்த்தது, அளவெடுப்பதற்கு முன்பாக அவர்கள் செய்யும் வேலை. பெட்டியிலிருந்து எடுத்த கருவியைக் குடை நிழலில் நிறுத்தி, வெளிக்காற்றின் வெப்பத்துக்கு அது பழகும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு, அசையாது என்று உறுதியான ஒரு குறியை நோக்கித் திருப்பி ஃபோகஸ் செய்து, தொலைநோக்கியை மட்டும் இடமும் வலமும் மேலும் கீழுமாகச் சிறு கோணங்களில் நகர்த்துகிறார்கள். குறி அங்கேயே நிற்க, அதன் பிம்பம் படத்துக்குள் மூலைக்கு மூலை இடம் மாறுகிறது. ஒவ்வொரு நிலையிலும் கருவியின் கோணமானி வட்டம் ஒரு கோணம் சொல்கிறது. படம் ஒரு பிக்சலைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விநாடிக் கோணம் (டிகிரியின் மிகச் சிறு கூறு), சென்சார் எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, பார்வைக்கோடு எந்தப் பிக்சலில் விழுகிறது என்பவை தெரியவரும். அடுத்து தொலைநோக்கியைப் புரட்டி, ‘ஃபேஸ் லெஃப்ட்’, ‘ஃபேஸ் ரைட்’ என இரு முகங்களிலும் அதே குறியைப் பார்த்துக் கருவியின் அச்சுப் பிழைகளைப் பிரித்தெடுக்கிறார்கள்.

கண்காணிப்பு அறிக்கையில் வரும் மில்லிமீட்டருக்கு மதிப்பைத் தருவது இந்த முன்வேலைதான் என்பேன். 100 மீட்டர் தொலைவில் ஒரு விநாடிக் கோணம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். குறியின் மையத்தை மென்பொருள் பிக்சலில் பத்தில் ஒரு பங்குவரை கண்டுபிடித்துவிடும். ஆனால் பார்வைக்கோட்டுக்கும் கேமராவுக்கும் உள்ள விலகல் வெப்பத்தால் நான்கு விநாடி மாறியிருந்தால், நகராத சுவர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்ததாகப் பதிவாகும். அந்தச் சுவருக்குப் பின்னால் குடும்பங்கள் வசிக்கின்றன. பொய்யான நகர்வும் அவர்களைப் பாதிக்கும். மறைந்துபோன உண்மையான நகர்வு அதைவிடப் பாதிக்கும்.

வெப்பத்துக்கு அஞ்சும் இந்த ஒழுக்கம் கேமராவோடு வந்ததல்ல. 1802இல் பரங்கிமலையருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன், மற்ற அளவுகளுக்கு ஆதாரமான சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, சங்கிலியோடு வெப்பமானிகளையும் வைத்தார். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே அந்தச் சங்கிலி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். வெப்பம் மட்டுமல்ல, மோதலும் கருவியைக் கெடுக்கும்: 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது, கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் மோதி, அதன் வட்டம் நெளிந்தது. வாரக்கணக்கில் அதை அவரே சீராக்கிய பின்புதான் அளவுகள் தொடர்ந்தன.

தொழிற்சாலைச் சான்றிதழ் இருக்கும்போது களத்தில் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பார்கள். சான்றிதழ் ஆய்வகத்தின் சீரான வெப்பத்தில் கருவி எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். லாரியில் குலுங்கி வந்து மே மாத வெயிலில் நிற்கும் கருவியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நீண்ட பயணத்துக்குப் பிறகும் வெப்பம் பெரிதும் மாறிய பிறகும் திரும்பச் சரிபார்க்கும்படி தயாரிப்பாளர்களின் கையேடுகளே கூறுகின்றன. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: கண்காணிப்பில் தேவைப்படுவது இரண்டு அளவுகளின் வித்தியாசம்தானே, நிலையான பிழை கழிந்துவிடாதா? பாலத்தின் அதிர்வைச் சில நொடிகள் படம்பிடிக்கும்போது இது சரியே. அந்தச் சில நொடிகளில் கருவி சூடேறி விலகுவதில்லை. பிக்சல் அளவு சரியாகத் தெரிந்தால் போதும். ஆனால் மாதக்கணக்கில் பார்க்கும் இறக்கத்தில் பிழை நிலையாக இருப்பதில்லை. தை மாதக் காலையும் சித்திரை நண்பகலும் ஒன்றல்ல. ஃபோகஸை மாற்றினால் லென்ஸும் நகர்கிறது. ஒவ்வொரு முறையும் அசையாக் குறிகளைப் பார்த்துத் திருத்தாமல் கழித்தால், மிஞ்சுவதில் பருவகாலமும் கலந்திருக்கும்.

ஒன்றை மட்டும் இந்தத் திருத்தம் தீர்க்காது. சூடான தார்ச்சாலைக்கு மேலே காற்று நடுங்கும்போது பிம்பமும் நடுங்கும்; அதற்கு விடியற்காலையிலோ இரவிலோ வந்து அளப்பதே வழி. எனவே இது நேரம் தின்னும் வேலை. டெண்டரில் எத்தனை புள்ளிகள் அளந்தார்கள் என்பதற்கு மட்டும் பணம் ஒதுக்கினால், அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் காத்திருப்பும் திருத்தமும்தான். அவற்றைத் தனி வேலையாகக் கணக்கிட்டுக் கூலி தரவேண்டும். அறிக்கையோடு அன்றைய வெப்பநிலை, திருத்த எண்கள், மூலப் படங்கள் மூன்றையும் ஒப்படைக்கச் சொல்லவும் வேண்டும்.